ராப் போட்டு அறிவியலும் கோடிங்கும்: கொங்குப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்கக் கையேடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராப் பாட்டு கேட்டு யாருக்கும் அறிவியல் புரியாது. புரிய வைக்கச் சோதனை இருக்கிறது, படம் இருக்கிறது, குறுக்குக் கேள்வி இருக்கிறது. பாட்டு செய்கிற வேலை வேறு. புரிந்த விஷயத்தை வரிசை குலையாமல் நாக்கில் ஏற்றிவிடும். அதிலும் பாட்டைக் கேட்கிற பிள்ளையை விட எழுதுகிற பிள்ளைதான் அதிகம் கற்றுக்கொள்கிறது. நாலு வரிக்குள் ஒரு பாடத்தை அடக்க வேண்டுமானால் எது வேண்டும், எதை விடலாம் என்று பிரித்தாக வேண்டும். பிரிக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஆகவே ஆசிரியர் மேடையேறி அசத்துவதற்கு வழி தேடி வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். பிள்ளைகளை எழுத வைத்து, பாட வைத்து, வீடியோவாக்கி, அடுத்த வகுப்புக்குக் கொடுப்பதைத்தான் கீழே சொல்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் பள்ளியிலோ டியூஷனிலோ சனி ஞாயிறு வகுப்பிலோ ஆறாவது முதல் பத்தாவது வரை சொல்லித் தருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு போன், ஒரு ஹெட்போன், கோடிங் பகுதிக்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த கிறிஸ்டோபர் எம்டின், வூ-டாங் கிளான் குழுவின் ராப் பாடகர் ஜிஸாவோடு சேர்ந்து, 2012-13 வாக்கில் நியூயார்க்கின் பத்து அரசுப் பள்ளிகளில் 'சயின்ஸ் ஜீனியஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அங்கேயும் மாணவர்கள்தான் எழுதினார்கள், மாணவர்கள்தான் போட்டி போட்டார்கள். "ராப்பெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்குங்க?" என்று தலைமை ஆசிரியர் கேட்டால், அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடின மண்ணில் தாளத்துக்குப் பேசுவது ஒன்றும் புதுசில்லை என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வகுப்பறைச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

எந்தப் பாடத்தை எடுப்பது

எல்லாப் பாடமும் பாட்டுக்கு ஒத்துவராது. ஒன்றன் பின் ஒன்றாக நடக்கிற விஷயம் ஒத்துவரும்: இது நடந்தால் அது, அது நடந்தால் இது. செரிமானம், நீர்ச்சுழற்சி, மின்சுற்று, செல் பிரிதல் எல்லாம் அப்படி. கணக்குப் போட்டு விடை காண வேண்டிய பாடத்தை விட்டுவிடுங்கள். வரையறைகளை அடுக்கிப் பாட்டாக்குவதையும் விட்டுவிடுங்கள். அது மனப்பாடத்துக்கு மெட்டுப் போட்ட கதைதான்.

அடுத்து, கைக்கெட்டுகிற தூரத்தில் பொருள் இருக்கிற பாடமாகப் பாருங்கள். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

நாமக்கல் பக்கமா? முட்டையை வினிகரில் போட்டு வையுங்கள். ஓட்டில் இருக்கிற கால்சியம் கார்பனேட் கரையும், கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாகக் கிளம்பும், ஒன்றிரண்டு நாளில் தோல் மட்டும் மிஞ்சும். பல்லடம், உடுமலைப் பக்கமா? காற்றாலைகளைக் காட்டி, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஏன் இப்படிப் பிய்த்துக்கொண்டு வருகிறது என்று கேளுங்கள். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஆர்.ஓ. (சவ்வு வழியாக நீரைச் சுத்திகரிக்கிற முறை) என்றால் விளக்கவே வேண்டாம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு என்பது அந்த ஊர்ப் பேச்சிலேயே கலந்துவிட்டது. கோவைப் பிள்ளைகளிடம் வீட்டு மோட்டாரின் தகட்டைப் படித்துவரச் சொல்லுங்கள். பலவற்றில் 2880 அல்லது அதையொட்டி ஒரு எண் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அறுபதால் பெருக்கினால் நிமிஷத்துக்கு 3000 சுற்று வர வேண்டும். மிச்சம் 120 எங்கே போயிற்று? இந்த ஒரு கேள்வியே ஒரு பாட்டுக்குப் பல்லவி. சுழலும் காந்தப்புலத்தை விட ரோட்டர் (மோட்டாருக்குள் சுற்றுகிற பாகம்) கொஞ்சம் பின்தங்கினால்தான் அதில் மின்சாரம் தூண்டப்பட்டு மோட்டார் இழுக்கும் என்பது சரணம்.

முதல் பாட்டுக்கு நான் ஈரோட்டு மஞ்சளைத்தான் சொல்வேன். செலவு இல்லை, ஆபத்து இல்லை, கண்ணெதிரே நடக்கும்.

பேனாவுக்கு முன்னால் கை

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் துணி துவைக்கிற கட்டி சோப்பைக் கரைத்து விடுங்கள். இன்னொன்றில் எலுமிச்சை பிழியுங்கள். சோப்பு விட்டது சிவக்கும். மஞ்சளில் இருக்கிற குர்குமின், பி.எச். அளவு 8-ஐத் தாண்டினால் நிறம் மாறத் தொடங்கும். சிவந்த கிண்ணத்தில் எலுமிச்சை விட்டால் பழையபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே கதைதான் என்று யாராவது ஒரு அம்மிணியே கண்டுபிடித்துச் சொல்லும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

ஷாம்புவை வைத்துச் செய்ய வேண்டாம். பல ஷாம்புகளில் காரத்தன்மை அவ்வளவாக இருக்காது. நிறம் மாறாமல் போனால் பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள், நீங்கள் பாட்டிலைப் பார்ப்பீர்கள்.

சோதனை முடிந்ததும் பாட்டுக்குப் போகாமல், நடந்ததைச் சாதாரணப் பேச்சில் மூன்று வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். 'மஞ்சள் தண்ணியில சோப்பு விட்டோம், செவந்திருச்சு. ஏன்னா சோப்பு காரம். எலுமிச்ச அமிலம், அதனால மறுபடி மஞ்சளாயிருச்சு.' இந்த மூன்று வாக்கியம் சரியாக வராத பிள்ளையைப் பாட்டு எழுத விடாதீர்கள். புரியாததை எதுகை போட்டு மறைத்துவிடுவார்கள், நமக்கும் தெரியாமல் போய்விடும்.

தாளம்

ராப் பெரும்பாலும் நாலு நாலு தட்டாக நடக்கும். நாலு தட்டு ஒரு வரி. தொடக்கத்துக்கு நிமிஷத்துக்கு 80 தட்டு வேகம் வசதி. ஒரு தட்டு முக்கால் நொடி, ஒரு வரி மூன்று நொடி என்று கணக்கும் சுலபமாக வரும். பதினாறு வரிச் சரணம் 48 நொடி. நாலு வரிப் பல்லவி இரண்டு தடவை வந்தால் 24 நொடி. மொத்தம் ஒரு நிமிஷம் 12 நொடி. அதற்கு மேல் முதல் பாட்டை நீட்ட வேண்டாம். சொல்லப்போனால் எட்டு வரியே தாராளம்.

பீட்டை, அதாவது பின்னணித் தாளத்தை, எங்கே எடுப்பது? போனில் பேண்ட்லேப் மாதிரியான இலவச ஆப்களில் நீங்களே அடுக்கலாம். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் என்றால் விசைத்தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். சாதா விசைத்தறி நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை அடிக்கும். பதினைந்து நொடியில் எத்தனை அடி என்று எண்ணி நாலால் பெருக்கச் சொன்னால் அதுவே அதிர்வெண் பாடம். 120 வந்தால் நொடிக்கு இரண்டு, அதாவது 2 ஹெர்ட்ஸ். அந்தப் பதிவில் ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓட விட்டால் யாரிடமும் இல்லாத பீட் கிடைத்தது.

வள்ளி கும்மி ஆடுகிற பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களை முன்னால் உட்கார வையுங்கள். தாளம் விட்டுப்போகாமல் பிடிப்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் கும்மி மெட்டுகள் பலவும் மூன்று மூன்றாக நடப்பவை. நாலு தட்டு பீட்டில் பாடும்போது முதல் சில வரிகளில் கால் இடறும். சித்தெ நேரம் கைதட்டிவிட்டு ஆரம்பித்தால் சரியாகிவிடும்.

வரி கட்டுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு வரியில் நாலு தட்டு, தட்டுக்கு நாலு சின்ன இடம், ஆக 16 இடம். வாய் விட்டுச் சொல்லும்போது ஒரு வரிக்குள் பன்னிரண்டிலிருந்து பதினாறு அசைப்புக்குள் ('மஞ்-ச-ளக்' என்றால் மூன்று) நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும். கேட்கிறவருக்கும் புரியாது.

புதிதாக எழுதும் பிள்ளைகள் எல்லாரும் வரிக் கடைசியில் மட்டும் ஒலியைப் பொருத்துவார்கள். தமிழில் அது ரொம்ப மலிவு. 'ஆகுது, போகுது, வேகுது' என்று வினைச்சொல்லை அடுக்கினால் தானாகவே இயைபு விழும். நாலாவது வரியில் காது சலித்துவிடும். எதுகையைப் பிடிக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வரியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முதல் தட்டிலேயே அந்த ஒலி வந்து விழுவதால் அடுத்த வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கிறவருக்கு உடனே பிடிபடும். கூட்டமாகப் பாடுகிறவர்கள் தாளம் தப்பினாலும் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம்.

மஞ்சளுக்கு 'ஞ்' கிடைத்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிவைத்து அந்த எதுகையில் சொல் தேடச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள். கொஞ்சம், அஞ்சு, நெஞ்சு, பஞ்சு, பிஞ்சு, மிஞ்சும், காஞ்சது. பட்டியல் நிறைந்த பிறகுதான் வரிக்குப் போக வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

மஞ்சளக் கரைச்சேன் தண்ணியில, மாறவே இல்ல
கொஞ்சமா சோப்பு விட்டுப் பாத்தேன், செவந்துச்சு புள்ள
அஞ்சாத கண்ணு, மந்திரமில்ல, காரத்தோட வேல
பிஞ்சுக்கையால் எலுமிச்ச பிழி, மஞ்சளாகும் மெல்ல

பெரிய கவிதை இல்லை. ஆனால் சோதனையின் நாலு கட்டமும் நடந்த வரிசையிலேயே இருக்கின்றன. முதல் வரியில் ஒன்றும் மாறவில்லை என்று சொல்வதைக் கவனியுங்கள். பிள்ளைகள் அதை வெட்டிவிடப் பார்ப்பார்கள், 'ஒண்ணும் நடக்கலையே சார், அதெதுக்கு?' என்பார்கள். வெட்ட விடாதீர்கள். வெறும் தண்ணீரில் மாறவில்லை என்று பார்த்ததால்தான் சோப்பு மாற்றியது என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைத் தொடாமல் வைப்பது என்ற பாடம் அந்த ஒரு வரியில் உட்கார்ந்திருக்கிறது.

நடை பேச்சு நடையாகவே இருக்கட்டும். 'செவந்துச்சு', 'ஒருக்கா', 'பொறவு' எல்லாம் வரலாம். அறிவியல் சொல்லை மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே வையுங்கள். அமிலம், காரம், நிறங்காட்டி என்பவை பரீட்சைத்தாளில் அப்படியேதான் வரும்.

எதுகை பொய் சொல்லும்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ஒலி பொருந்த வேண்டும் என்கிற அவசரத்தில் உண்மை கழன்றுவிடும். பருவகாலம் பற்றி எழுதச் சொன்னால் ஒரு வரி எந்த வகுப்பிலும் வந்தே தீரும்: 'கோடையில சூரியன் பக்கம், குளிருல சூரியன் தூரம்.' சொல்லிப் பாருங்கள், என்ன அழகாக விழுகிறது! முழுக்கத் தப்பு. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடியில். மார்கழிப் பனியில் நாம் நடுங்கும்போதுதான் சூரியன் கிட்டத்தில் இருக்கிறது. பருவம் மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது.

இந்த மாதிரி வரி பாட்டாகிப் பிள்ளை வாயில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு. இதே ரகத்தில் இன்னொன்று, 'நூறு டிகிரி வந்தாத்தான் நீரு ஆவி ஆகும்.' கொதிப்பதற்குத்தான் நூறு டிகிரி. ஆவியாவதற்கு எந்த வெப்பமும் போதும். இல்லாவிட்டால் கொடியில் போட்ட துணி எப்படிக் காயும்?

ஆகவே எழுதி முடித்த வரிகளைக் குழு மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிர்க்குழு ஒரே கேள்வி கேட்க வேண்டும்: 'இது உனக்கு எப்படித் தெரியும்?' பதில் சோதனையில் பார்த்தேன் என்றிருக்க வேண்டும், இல்லையென்றால் புத்தகத்தில் பக்கம் காட்ட வேண்டும். இரண்டும் இல்லாத வரி போகட்டும், எதுகை எவ்வளவு அழகாக இருந்தாலும் போகட்டும். ஓரியாட்டம் நடக்கும். நடக்கட்டும், பாடம் அப்போதுதான் நடக்கிறது. எந்த வரியைக் காப்பாற்றலாம் என்று நீங்கள் கடைசியில் சொன்னால் போதும்.

கோடிங்: தறி, தட்டு, எட்டுக் கட்டம்

கோடிங்கை ராப்பில் சொல்லும்போது கட்டளைகளின் பெயர்களை அடுக்கிப் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் யாரும் எதையும் கற்பதில்லை. கோடிங்கில் பாட்டையே செய்வதுதான் சுருக்கு வழி. அதற்கு நம்மூரில் தொடக்கம் தறிதான்.

சென்னிமலைப் பக்கம் பிள்ளைகளின் அப்பாருமார் ஜக்கார்டு பெட்டியோடு (தறியில் டிசைன் நெய்ய உதவுகிற கருவி) பழகினவர்களாக இருப்பார்கள். ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) மேலே எழும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே கிடக்கும். பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய ஏற்பாடு இது. இதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு ஓட்டை அட்டையைத் திட்டமிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹொலரித் ஓட்டை அட்டையில்தான் எண்ணினார். ஓட்டை என்றால் 1, இல்லை என்றால் 0.

கட்டம் போட்ட நோட்டில் எட்டுக்கு எட்டு சதுரம் வரைந்து, அதில் 'ட' எழுதச் சொல்லுங்கள். இடது ஓரம் முழுக்க மை, அடி வரிசை முழுக்க மை. மை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வரிசை வரிசையாகப் படித்தால் முதல் ஏழு வரிசையும் 10000000, கடைசி வரிசை 11111111. கட்டங்களுக்கு இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு வைத்து, 1 இருக்கிற கட்டங்களை மட்டும் கூட்டி எண்ணாக்கினால் ஏழு தடவை 128, ஒரு தடவை 255. எழுதிக்கொண்டே வரும்போது மூன்றாவது நாலாவது வரிசையில் யாராவது ஒருவர் கடுப்பாகி, 'எல்லாம் ஒண்ணேதானுங்களே சார், ஏழு வாட்டியும் எழுதணுமா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் 'ட' வரையச் சொன்னது. 'ஏழு தடவை 128, பொறவு ஒருக்கா 255' என்று எழுதினால் லூப், அதாவது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற கட்டளை, வந்துவிட்டது.

இப்போது அதே எட்டுக் கட்டத்தைக் கைதட்டலாக்குங்கள். 1 வந்தால் தட்டு, 0 வந்தால் சும்மா. 10010010 என்று தட்டிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்து துள்ளிக்கொண்டு வரும். எண்ணாகப் பார்த்தால் 146. நூலாகப் பார்த்தால் மூன்று பாவு எழுகிறது. காதால் கேட்டால் உலகம் முழுக்க ஆடவைக்கிற தாளம். பிள்ளைகள் ஆளுக்கொரு எட்டுக் கட்டம் எழுதி, பக்கத்துப் பிள்ளையைத் தட்டவிட்டுப் பார்க்கட்டும்.

கம்ப்யூட்டர் இருந்தால் அடுத்தது சோனிக் பை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஆரன் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே 2012-இல் தொடங்கிய இலவச மென்பொருள். கோடு எழுதினால் இசை வரும். முதல் வரியில் வேகத்தை 80 என்று கொடுங்கள். அடுத்து லைவ் லூப் (நிறுத்தும் வரை சுற்றிக்கொண்டே இருக்கிற லூப்) ஒன்றைத் திறந்து உள்ளே ஒரு டிரம் ஒலி, அடியில் ஸ்லீப் 0.5, அதாவது அரைத் தட்டு காத்திரு. ரன் அழுத்தினால் அரைத் தட்டுக்கு ஒரு அடி என்று ஓட ஆரம்பிக்கும். இப்போது 1 வரும் கட்டத்துக்கு ஒலியும் ஸ்லீப்பும், 0 வரும் கட்டத்துக்கு ஸ்லீப் மட்டும் என்று எட்டுக் கட்டத்தையும் எழுதினால் அட்டையில் இருந்தது ஸ்பீக்கரில் வரும். ஸ்லீப் எழுத மறந்தால் அது ஓடாது, பிழை காட்டி நின்றுவிடும். ஒரு சுற்றுக்குள் கொஞ்சமாவது நேரம் நகராமல் லூப் எப்படிச் சுற்றும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பல்லவியின் பின்னணியை ஒரு ஃபங்ஷனாக (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பாக) எழுதி வைத்து, வேண்டிய இடத்தில் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடப் பழக்குவது அதற்கடுத்த வகுப்பு.

பைத்தான் என்ற கோடிங் மொழிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் இயர்ஸ்கெட்ச் இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், பைத்தானில் எழுதிப் பாட்டு அடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டளைக் கட்டைகளை இழுத்துக் கோக்கிற ஸ்கிராட்ச் போதும். அதில் இசைக்கென்று தனிப் பகுதி உண்டு.

வாயால் பாடவேண்டிய கோடிங் விஷயமும் கொஞ்சம் உண்டு. எல்லாரும் திரும்பத் திரும்ப வழுக்கும் இடங்கள் அவை. பைத்தானில் எண்களை வரிசையாகத் தருகிற கட்டளை ரேஞ்ச். ரேஞ்ச் 5 என்றால் 0, 1, 2, 3, 4. ஐந்து வராது. இதற்கு:

அஞ்சுன்னு சொல்லிப்புட்டா அஞ்சு தடவ இயங்கும்
நெஞ்சுல நீ வெச்சுக்கோ, பூஜ்யத்துல தொடங்கும்
மிஞ்சிமிஞ்சிப் போனாலும் நாலுலயே முடங்கும்
அஞ்ச எங்கேன்னு தேடாத, வெளிய நின்னு ஏங்கும்

ஒலிப்பதிவு

மைக் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். இடம்தான் முக்கியம். காலி வகுப்பறையில் சுவர்கள் குரலைத் திருப்பி அடிக்கும், போனில் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். திருப்பூரில் இருக்கிறவர்களுக்குப் பனியன் வேஸ்ட் மூட்டைக்குப் பஞ்சமில்லை. பாடுகிற பிள்ளையைச் சுற்றி நாலு மூட்டையை அடுக்குங்கள். பவானிப் பக்கம் என்றால் ஜமுக்காளத்தைக் கொடியில் தொங்கவிடுங்கள். துணி சத்தத்தைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, தறி நிற்கிற நேரமாகப் பார்த்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்று ஓரமாகப் பிடியுங்கள். பீட்டை ஹெட்போனில் மட்டும் கேட்க வையுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் குரலோடு பீட்டும் பதிவாகி, பிறகு பிரிக்கவே முடியாது.

தனியாகப் பாடக் கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வரிக் கடைசிச் சொல்லை மட்டும் கூட்டமாகக் கத்தச் சொன்னால் அதிலேயே சேர்ந்துகொள்ளும். குரல் பதிவையும் பீட்டையும் சேர்க்க, கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி இலவசம்.

படம் பிடிப்பது, ஏற்றுவது

படத்தில் முகம் வேண்டியதில்லை. கையும் கிண்ணமும் போதும், அதுதான் நல்லதும்கூட. நிறம் மாறுகிற அந்த இடத்தை மட்டும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். அங்கே வெட்டினால் பார்க்கிறவர் 'கிண்ணத்தை மாத்திட்டாங்க' என்பார், அவர் கேட்பது நியாயம். படத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் வர, எடுக்கத் தொடங்கும்போது ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டிலும் அந்தச் சத்தத்தை நேர் வைத்தால் வேலை முடிந்தது. வரிகளைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள், மற்ற அலங்காரமெல்லாம் பிறகு. யூட்யூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபர் முதல் நெட்டு வாக்கு வீடியோவை மூன்று நிமிஷம் வரை ஏற்றலாம். உங்களுக்கு அதில் பாதி போதும்.

சினிமாப் பாட்டின் கரோக்கியை எடுத்துப் பாடி ஏற்றாதீர்கள். யூட்யூப்பின் கண்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடிக்கும், வீடியோ முடங்கலாம். 'இலவச பீட்' என்று தலைப்புப் போட்டவற்றிலும் அடியில் நிபந்தனை இருக்கும், படித்துவிட்டு எடுங்கள். யூட்யூப்பின் ஆடியோ லைப்ரரியில் எடுப்பது நிம்மதி. சொந்தத் தறிச் சத்தத்துக்கு யாரும் உரிமை கோர மாட்டார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கறாராக இருங்கள். பெயர், பள்ளி பேட்ஜ், சீருடையில் இருக்கிற முத்திரை எதுவும் படத்தில் விழ வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. சேனல் உங்கள் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ இருக்கட்டும், பிள்ளைகள் பெயரில் வேண்டாம். 'குழந்தைகளுக்கானது' என்ற தேர்வைக் குறித்தால் கருத்துப் பகுதி மூடப்பட்டுவிடும். நமக்கு அது நல்லதுதான்.

'ஏனுங்க, ஆட்டம் பாட்டமெல்லாம் போட்டா மார்க் வருமுங்களா?' என்று பெற்றோர் கேட்பார்கள். வாதாடாதீர்கள். அடுத்த வாரம் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் பிள்ளையையே அவருக்கு மஞ்சள் சோதனை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

பாடம் ஏறியதா?

ஒரு வாரம் கழித்து, பீட் இல்லாமல் கேளுங்கள். பாட்டில் இருக்கிற வரிசையில் கேட்காதீர்கள். 'எலுமிச்சையை முதல்ல விட்டுட்டுப் பொறவு சோப்பு விட்டா என்ன ஆகும்?' 'சோப்புக்குப் பதிலா புளித்தண்ணி விட்டா?' 'ரேஞ்ச் 7-ல கடைசி எண் எது?' பதில் சொல்லும் முன் பிள்ளை உதடு அசைத்து முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டே வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி வந்தால் பாட்டு ஏறியிருக்கிறது, பாடம் இன்னும் ஏறவில்லை. திட்ட வேண்டாம், மறுபடி பாட வைக்கவும் வேண்டாம். கையில் கொஞ்சம் ஆப்பச் சோடாவும் ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீரும் கொடுத்து, ஐந்தாவது வரியை அதே 'ஞ்' எதுகையில் எழுதிவரச் சொல்லுங்கள். சோடாவை விட்டுப் பார்க்காமல் அந்த வரியை எழுத முடியாது.